ஒரு வண்டித் தண்ணீரை விறகென்று வாங்கினேன்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹில்டன், ஹோவிக் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டது, இங்கே குளிர்காலம் நெருங்குகிறது. கைப்பேசிக்கு விறகு விளம்பரங்கள் வரத் தொடங்கியிருக்கும். "நன்றாகக் காய்ந்த வாட்டில், ஒரு டன், வீட்டுக்கே வந்து இறக்கித் தரப்படும்" என்று ஒரு செய்தி, கூடவே அழகாக அடுக்கிய விறகின் படம். பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் குன்னூர்க்காரன். விறகு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது. இங்கே வாட்டில் என்று விற்கிறார்களே, அது எங்கள் மலையில் சீகை என்று சொல்லும் அதே மரம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, நீலகிரியிலும் நேட்டாலிலும் ஒரே மாதிரி பரவிய மரம். பட்டை தோல் பதனிட உதவும் என்று இங்கே தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். பட்டை போக மிஞ்சும் கட்டை நல்ல விறகு. இதெல்லாம் தெரிந்த ஒருவன் தலையில்தான் மிளகாய் அரைத்தார்கள்.

2023 மே மாதம். மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் இருந்தது. சில நாட்களில் பத்து மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. ஹில்டன் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின் கணப்பை நம்பினால் இரவெல்லாம் பல் தந்தியடிக்க வேண்டியதுதான். நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்படுப்பு ஒன்று இருந்தது. அதற்காகத்தான் விறகு தேடினேன்.

விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். பேசியவர் மிகவும் பணிவானவர். ஒரு டன் 1,900 ரேண்ட். டீசல் போட வேண்டும், முழுப் பணமும் வங்கியில் வந்து சேர்ந்தால்தான் பக்கி புறப்படும் என்றார். (பக்கி என்றால் நம் ஊரில் வசவு, இந்த நாட்டில் பின்பக்கம் திறந்த சிறிய சரக்கு வண்டி.) அனுப்பினேன். பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி மாலை ஆறரைக்கு வந்தது. மே மாதத்தில் இங்கே ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். தெருவில் விளக்கு இல்லை, வீட்டிலும் இல்லை. தாமதத்துக்கு டயர் பஞ்சர்தான் காரணம் என்றபோது நம்பினேன். இப்போது நம்பவில்லை.

வண்டியின் மேலிருந்து ஒரு கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார் ஓட்டுநர். சாம்பல் நிறம், முனையில் வெயில் வெடிப்பு, கையில் கனமே இல்லை. "பாருங்கள் ஐயா, எலும்பாகக் காய்ந்திருக்கிறது" என்றார். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்துப் பூரித்துப்போனேன். இரண்டு பையன்கள் சுவரோரமாகக் கச்சிதமாக அடுக்கியும் கொடுத்தார்கள். அந்தக் கச்சிதத்துக்காகத் தேநீர்ச் செலவுக்கு 50 ரேண்ட் வேறு கொடுத்தேன்.

முதல் இரவு குறையொன்றும் இல்லை. மேலிருந்தும் முன்னிருந்தும் எடுத்தவை நன்றாகவே எரிந்தன. மூன்றாம் இரவுதான் உள்ளே கைவைத்தேன். கட்டை தீப்பிடிக்கவே இல்லை. 'உஸ்' என்று ஒரு சத்தம், கெட்டில் கொதிப்பதற்கு முன் வருமே, அது போல. குனிந்து பார்த்தால் வெட்டு முனையில் பழுப்பு நுரை குமிழ்குமிழாக வந்து, வழிந்து, சாம்பலில் சொட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் அடுப்பின் கண்ணாடி கருத்து உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அம்மா ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண்ணீரோடு ஊதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. "உங்கள் ஊர்ச் சீகை ரொம்ப அழகாக அழுகிறதே" என்று சொல்லிவிட்டு மனைவி இன்னொரு போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் அடுக்கைப் பிரித்தேன். முகப்பில் ஒரு வரிசையும் மேலே ஒரு வரிசையும் மட்டும்தான் காய்ந்தவை. பின்னால் இருந்தது எல்லாம் பச்சை. பட்டை விரலால் உரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தது. வெட்டிய முகம் இளஞ்சிவப்பாக, தொட்டால் சில்லென்று. பாதிக்கு மேல் பிளக்கப்படாத உருளைகள். குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு நடுவில் பொந்து விட்டிருந்தார்கள். நெருக்கி அடுக்கிப் பார்த்ததில் ஒரு கன மீட்டர்கூட வரவில்லை. பச்சை வாட்டிலாகவே இருந்தாலும் அந்த அளவு ஒரு டன் ஆகாது.

டன் கணக்கே ஒரு வலை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்படியானால் ஒரு டன் பச்சை விறகில் 500 கிலோதான் மரம். அது எரிப்பதற்கு ஏற்ற 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்து வரும்போது 625 கிலோவாக நிற்கும். மீதி 375 கிலோவுக்கு நீங்கள் கொடுத்த பணம் ஆவியாகப் போய்விட்டது. விறகு எவ்வளவு ஈரமோ, எடைக்கு விற்பவனுக்கு அவ்வளவு லாபம். காசு போனதோடு முடிவதும் இல்லை. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டிய பிறகுதான் கட்டை எரியும். அறைக்கு வர வேண்டிய சூடு அதற்கே செலவாகிறது. சூடில்லாத புகை குழாயின் உட்சுவரில் கீலாகப் படிகிறது. ஆகஸ்டில் புகைபோக்கியைத் துடைக்க வந்தவர் உள்ளிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் காட்டினார்: கண்ணாடி போல மினுமினுக்கும் கருப்பு. இது ஒரு நாள் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொண்டால் கூரையோடு போகும் என்றார்.

விற்றவரை அழைத்தேன். முதல் நாள், "இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், சரியாகிவிடும்" என்றார். இரண்டாம் நாள், மனமிரங்கியவர் போல, இன்னும் 900 ரேண்ட் கொடுத்தால் ஹார்டிகூல் கட்டைகளாகத் தருகிறேன் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். ஹார்டிகூல் இரவெல்லாம் கனலும் வைரக் கட்டை. ஆனால் அது 1998ஆம் ஆண்டின் தேசியக் காடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம்; உரிமம் இல்லாமல் வெட்டவோ விற்கவோ முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மூன்றாம் நாள் முதல் என் எண்ணுக்குப் பதில் இல்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமை தருகிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது? என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண் மட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் புனித வெள்ளியன்று தீமிதி நடப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குழிக்கு விறகு பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் எங்களுக்கு நெருக்கம். முழுக்க ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஆனால் என்னைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார். அவரை அழைத்து வந்து காட்டினேன். பேசவே இல்லை, இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'தொப்' என்றது. தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டைத் தட்டினார். 'ணங்' என்றது.

"இது இந்த வருடத்து விறகு இல்லை, தம்பி. அடுத்த வருடத்து விறகு."

பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் காய்ந்த கட்டையின் ஒரு முனையில் தடவி, மறு முனையில் வாய்வைத்து ஊதினார். குமிழி வந்தது. காய்ந்த மரத்தின் நுண்குழாய்கள் திறந்திருக்கும், பச்சை மரத்தில் தண்ணீர் அடைத்துக்கொண்டிருக்கும். என் கட்டையில் முகம் சிவக்க ஊதியும் ஒன்றும் வரவில்லை. ஈரமானி ஒன்றும் பின்னர் வாங்கினேன். அதை வெளிப்புறத்தில் குத்திப் பயனில்லை. கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும்.

சுவரோரம் அடுக்கியதற்காகவும் திட்டு வாங்கினேன். அங்கே காற்றும் போகாது, கறையானுக்கு வீட்டுக்குள் வழியும் கிடைக்கும், பாம்பும் தங்கும். மரப் பலகைத் தட்டுகளை அடியில் போட்டு, முற்றத்தில் தனியாக அடுக்கச் சொன்னார். தார்ப்பாய் மேலே மட்டும். நான் செய்தது போல நாலு பக்கமும் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வடக்கு பார்த்து இருக்க வேண்டும் என்றார். எனக்கு ஒரு கணம் குழம்பியது. நமக்குக் குளிர்கால வெயில் தெற்கே சாய்ந்து வரும். இந்த நாட்டில் வடக்கே. உருளைகளை எல்லாம் பிளக்க வேண்டும் என்பதுதான் அவர் அழுத்திச் சொன்னது. பட்டையோடு முழுசாகக் கிடக்கும் கட்டை வருடக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். எனக்குத் தோள் ஒரு வாரம் வலித்தது.

பிளக்கும்போது இன்னொன்றும் வெளிவந்தது. இருபது கட்டைகள் வாட்டிலே இல்லை. யார் வீட்டுத் தோட்டத்திலோ சாய்த்த ஓக் மரம். இரண்டில் பேனா முனையளவு துளைகள். துளை துளைக்கும் ஒரு சிறு வண்டு 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில்தான் இந்த நாட்டில் முதலில் அடையாளம் காணப்பட்டது. அது கொண்டுவரும் பூஞ்சை பல வகை மரங்களை, அவற்றில் ஓக்கும் உண்டு, வாட்டிவிடும். விறகு வண்டியில் ஏறித்தான் அது ஊர் விட்டு ஊர் போகிறது. பெரியவர் சொன்னபடி அந்த இரண்டையும் முதலில் எரித்தேன். அதனால்தான் இப்போது எங்கே வெட்டியது என்று கேட்காமல் நான் வாங்குவதில்லை. பக்கத்துப் பண்ணையில் வெட்டியதாகச் சொல்பவரிடம், கன மீட்டர் கணக்கில், பகலில், இறக்கிய பிறகு பணம். இறக்கும்போது அடியிலிருந்து ஒன்றை நானே உருவிக் கோடரியால் பிளப்பேன். ஒருவர் இதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வாங்குவதும் குளிர் முடிந்த செப்டம்பரில். அப்போது விலையும் குறைவு, அடுத்த ஜூனுக்குள் காயவும் நேரம் இருக்கிறது.

அந்தப் பச்சை விறகு 2024 குளிரில் நன்றாகத்தான் எரிந்தது.

போன வாரம் வேறொரு எண்ணிலிருந்து எனக்கு ஒரு விளம்பரம் வந்தது. விலை 2,200 ரேண்ட். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுக்கின் வலது ஓரத்தில் ஒரு நீலப் பீப்பாய், அதன்மேல் கவிழ்த்துவைத்த மஞ்சள் வாளி. 2023இல் எனக்கு வந்த படத்திலும் அதே பீப்பாய், அதே வாளி.