செல் ஸ்பிரிங்கில் துரு, பில் 1,750 ரூபாய்: கேபிள் ரிமோட் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

மதுரையில் அப்பா வீட்டில் போன மாதம் நடந்தது. கேபிள் ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை. அப்பா வழக்கம்போல உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், செல்லைக் கழற்றி உருட்டிப் பார்த்தார், புது செல்லும் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கேபிள்காரருக்கு போன் போட்டோம், ஒரு பையன் வந்தான்.

ரிமோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. செட்டாப் பாக்ஸைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "சென்சார் போயிருச்சு சார், பாக்ஸ் மாத்தணும், 1,500" என்றான். ராத்திரி செய்தி பார்க்காமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது, கொடுத்துவிட்டேன். பில் கேட்டதற்கு "ஆபீஸ்ல வாங்கிக்கங்க" என்று சொல்லி, பழைய பாக்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். வந்த "புது" பாக்ஸின் அடியில் யாரோ ஸ்டிக்கரைக் கிழித்த தடம் இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

இதில் எனக்கே என் மேல் கோபம். பழைய ரிமோட்டில் சானல் மட்டுமா மாறவில்லை, டிவி சவுண்டும்தான் ஏறவில்லை. சவுண்ட் பொத்தான் நேராக டிவியோடு பேசுகிறது, அதற்கும் பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. டிவியோடு வந்த ரிமோட்டில் சவுண்ட் நன்றாக ஏறுகிறது. அப்படியென்றால் கோளாறு எங்கே? பாக்ஸின் முகப்பில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் சானலும் மாறியது, அதையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்!

அடுத்தது இன்னும் மோசம். பாக்ஸோடு வந்த புது ரிமோட்டில் டிவி சவுண்ட் வேலை செய்யாது, "ப்ரோகிராம் பண்ணணும், கோடு போடணும்" என்று 150 ரூபாய். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்தான். நாலு நாளில் பார்த்தால் சவுண்ட் குறைக்கும் பொத்தான் பதிவாகவே இல்லை, ஏற்றினால் ஏறியதுதான். திரும்ப வந்ததற்கு 100. இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கோடும் இல்லை ஒன்றும் இல்லை. செட் பொத்தானைச் சிவப்பு விளக்கு நின்று எரியும்வரை அழுத்திப் பிடித்தான், சவுண்ட் குறைக்கும் பொத்தானை ஒரு தடவை தட்டினான், விளக்கு மினுக்கியது, டிவி ரிமோட்டை இரண்டு விரல்கடை தள்ளி முகத்துக்கு முகம் வைத்து அதில் அதே பொத்தானை அழுத்தினான், விளக்கு வேகமாக மினுக்கி நின்றது, மறுபடி செட். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சில ரிமோட்டில் வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் விஷயம் இதுதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ரிமோட்டைச் சும்மா பிரித்தேன். செல் உட்காரும் ஸ்பிரிங்கில் பச்சையாகத் துரு. உப்புத்தாளை மடித்துத் தேய்த்து, செல்லைப் போட்டு, போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே ரிமோட் மூக்கைக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் ஊதா நிறத்தில் பளிச் பளிச்சென்று தெரிகிறது. இந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பின் கேமராவில் பார்த்து ஏமாறாதீர்கள், நிறைய போன்களில் அது இந்த வெளிச்சத்தை வடிகட்டிவிடும். வெளிச்சமே வரவில்லை என்றால் செல், ஸ்பிரிங், ரிமோட் என்று தேடுங்கள். எல்லாப் பொத்தானுக்கும் வந்து, சவுண்ட் ஏறி, சானல் மட்டும் மாறவில்லை என்றால்தான் பாக்ஸைச் சந்தேகப்படலாம்.

எங்கள் பழைய ரிமோட் டிவி சவுண்டை ஏற்றியது. அதே கம்பெனி பாக்ஸ் என்பதால் சானலையும் மாற்றியது.

கேபிள்காரரிடம் போய்க் கேட்டேன். "பையன் அப்படிச் சொன்னானா சார்?" என்று என்னையே கேட்கிறார். பில் இல்லை, பாக்ஸ் நம்பரையும் குறித்து வைக்கவில்லை, 1915 நுகர்வோர் எண்ணுக்கு அடித்தாலும் எதைக் காட்டுவது? நீங்களாவது பாக்ஸ் அடியில் இருக்கும் நம்பரை இன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாக்ஸின் மண்டையில் அப்பா ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனக் கறை இருக்கும், துடைத்தாலும் போகாது. ஊரில் யார் வீட்டுக்காவது அந்தக் கறையோடு "புது பாக்ஸ்" வந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.