மெஷின் ஹெட்: ஒரு கீபோர்டுக்காரன் காதில்

மார்த்தாண்டத்தில் சபைப் பாடலுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். இங்கிலாந்து ராக் குழு டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பம் (1972) போட்டால் காது முதலில் ஓடுவது குழுவின் கீபோர்டுக்காரர் ஜான் லார்டின் ஹாமண்ட் மின் ஆர்கனுக்குத்தான். மனுஷன் அதை கிட்டாருக்குப் போடுகிற மார்ஷல் ஆம்ப் வழியா விட்டு உறும வைக்கிறார், பாத்துக்கிடுங்க! ‘லேஸி’ பாட்டில் ஆர்கன் தனியாகக் கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு ப்ளூஸுக்குள் இறங்குகிற இடம் இருக்கே, அதுக்கே காசு தகும்.

சுவிட்சர்லாந்தில் பதிவுக்குப் பேசிவைத்த கேசினோ 1971 டிசம்பரில் எரிந்துபோக, காலி ஹோட்டல் வராந்தாவில் வாசித்துப் பதிந்தார்கள். ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டு அந்தத் தீயைப் பற்றியதுதான். கிட்டார் கிளாஸ் பையன்கள் அதன் முதல் நாலு சுரத்தோடு நிறுத்திவிடுவது வேறு விஷயம்.

‘நெவர் பிஃபோர்’ பாட்டு சுமார். போன் ஸ்பீக்கரில் கேட்காதீங்க, ரோஜர் குளோவரின் பாஸ் கிட்டார் காணாமப் போயிரும்.