டைனிச்சி மண்ணெண்ணெய் ஃபேன் ஹீட்டர்: ஜப்பான் கிராமப்புறத்து ஆங்கில ஆசிரியருக்கு

ஜெட் திட்டத்தில் ஜப்பானியப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்குவது ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட்டிலோதான். வெயில் கொளுத்தும் நேரம் என்பதால் வீட்டில் ஏசி ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அலமாரி மூலையில் முந்தைய ஆசிரியர் விட்டுப்போன ஹீட்டர் கிடக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நவம்பர் பிறந்ததும் கதை மாறும். பழைய வாடகை வீடுகளில் சுவருக்குள் குளிர்காப்பு சொற்பம், ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. தோஹொகு, ஹொகுரிகு, நாகானோ போன்ற குளிர்ப் பகுதிகளில் ஜனவரிக் காலையில் அறைக்குள்ளேயே ஐந்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ஏசியிலும் வெப்பக் காற்று வரும். ஆனால் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் வெளி யூனிட்டில் பனி படியும். அதைக் கரைக்க அது இடையிடையே நின்றுவிடும். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை நம்பி இருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் மண்ணெண்ணெய் ஃபேன் ஹீட்டர் ஈடு இணையில்லாத பொருள். டைனிச்சி நிறுவனத்தின் 3.2 கிலோவாட் வகுப்பு அடிப்படை மாடலைப் பற்றியே இங்கே பேசுகிறேன். மர வீட்டில் ஒன்பது தத்தாமி (தரையில் விரிக்கும் பாய், ஜப்பானில் அறையின் அளவைச் சொல்வது இதில்தான்), கான்கிரீட் கட்டடத்தில் பன்னிரண்டு தத்தாமி அளவு அறைக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தாராளம். ஹோம் சென்டரில், அதாவது வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில், விலை 15,000 முதல் 20,000 யென் வரை இருக்கும். அக்டோபரில் வாங்குங்கள். முதல் பனி விழுந்த வாரத்தில் போனால் சின்ன மாடல்கள் தீர்ந்திருக்கும்.

டைனிச்சியா, போட்டி நிறுவனமான கொரோனாவா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இரண்டுமே நீகாதா மாகாணத்து நிறுவனங்கள், இரண்டுமே நல்ல இயந்திரங்கள். வேறுபாடு எரிக்கும் முறையில் இருக்கிறது. டைனிச்சியில் எண்ணெயை மின்சாரத்தால் சூடாக்கி ஆவியாக்கிப் பற்றவைக்கிறார்கள். பொத்தானை அழுத்திய நாற்பது நொடிக்குள் அனல் வரும், பற்றும்போதும் அணையும்போதும் வாடை குறைவு. ஆனால் எரியும் நேரம் முழுக்க அந்த ஆவியாக்கிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். முழு வேகத்தில் நூறு வாட்டை ஒட்டி இழுக்கும். கொரோனா எரிய ஆரம்பித்த பிறகு அதன் சொந்த வெப்பத்திலேயே எண்ணெயை ஆவியாக்கிக்கொள்வதால் இருபது வாட் அளவே போதும். ஆனால் பற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நொடிகளில் பற்றவைக்கும் முன்சூட்டு வசதி அதிலும் உண்டு. அதைப் போட்டு வைத்தால் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் போகும். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குக் கொரோனா. காலையில் ஒரு மணி நேரம், மாலை திரும்பிய பின் நாலைந்து மணி நேரம் என்று போட்டு அணைக்கும் ஆசிரியருக்கு டைனிச்சிதான் என் தேர்வு. எழுந்ததும் கைகால் விறைத்து நிற்கும் அந்த நிமிடத்தில் நாற்பது நொடி பெரிய வித்தியாசம்.

செலவுக் கணக்கு எளிது. முழு வேகத்தில் மணிக்கு 0.31 லிட்டர் குடிக்கும். அறை சூடாகித் தானாகத் தணிந்ததும் 0.06 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். லிட்டர் 120 யென் என்று வைத்தால் முழு வேகத்தில் மணிக்கு 37 யென், தணிந்த நிலையில் எட்டு யென்னுக்குள். வெப்பநிலையை 20-ல் வைத்து நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் 18 லிட்டர் கேன் இரண்டு மூன்று வாரம் வரும். 24-க்கு ஏற்றினால் தணியவே மாட்டாது, பத்து நாளில் கேன் காலி.

இந்த ஹீட்டர்களைப் பற்றி இணையத்தில் வரும் ஒற்றை நட்சத்திரப் புகார்களைப் படித்தால் "பற்றவில்லை", "நடுவில் அணைகிறது", "கண் எரிகிறது" என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வரும். இயந்திரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். போன குளிர்காலத்து மண்ணெண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். கோடை முழுக்கப் பால்கனி வெயிலில் கிடந்த எண்ணெய் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். அதை ஊற்றினால் ஆவியாக்கியில் தார் படிந்து அடைக்கும். அந்தப் பழுது உத்தரவாதத்தில் வராது. டைனிச்சி மூன்று வருட உத்தரவாதம் தருகிறது, ஆனால் கெட்ட எண்ணெய்க்கு அது பொருந்தாது. சோதிக்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எண்ணெய், இன்னொன்றில் தண்ணீர், இரண்டுக்கும் பின்னால் வெள்ளைத் தாள். எண்ணெயும் தண்ணீர் மாதிரி நிறமற்று இருந்தால் சரி. மஞ்சள் சாயல் தெரிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ ஊற்றாதீர்கள். ஆகஸ்ட்டில் வீட்டுக்குள் நுழைந்தபோது கேனில் எண்ணெய் மீதி இருந்தால், சோதனைகூட வேண்டாம், அது பழையதுதான். ஹீட்டரின் தொட்டியிலும் அதே எண்ணெய்தான் நிற்கும், அதையும் வடிக்க வேண்டும்.

அடுத்த எதிரி தண்ணீர். கேன் மூடி சரியாக மூடாமல் மழையில் நின்றால் உள்ளே நீர் போகும். குளிரும் வெப்பமும் மாறி மாறி வரும்போது உள்ளே வியர்த்தும் சேரும். நீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கி, ஹீட்டரின் எண்ணெய் வடிகட்டியில் துளித்துளியாக நிற்கும். கழற்றக்கூடிய தொட்டியை வெளியே எடுத்தால் அந்தக் குழிக்குள் வட்டமான சிறிய வலைக்கூடை தெரியும், அதுதான் வடிகட்டி. வெளியே எடுத்துக் கவிழ்த்து, சுத்தமான மண்ணெண்ணெயிலேயே அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். தண்ணீரில் கழுவினால் வலையில் நீர்ப்படலம் பிடித்து எண்ணெய் இறங்காது. குழியின் அடியில் முத்து முத்தாக நீர் தெரிந்தால் பிளாஸ்டிக் உறிஞ்சு குழலால் எடுத்துவிடலாம்.

மூன்றாவது காரணம் யாருக்கும் எளிதில் தோன்றாதது: சிலிக்கோன். ஒற்றை அறை வீட்டில் ஹீட்டருக்கு முன்னால் நின்றே தலை சீவி, ஹேர் சீரம் தடவி, ஸ்பிரே அடித்துக்கொண்டு கிளம்புகிறோம். அவற்றில் உள்ள சிலிக்கோன் காற்றோடு உள்ளே போய் எரிந்து, தீயை உணரும் கம்பியில் வெள்ளைப் பொடியாகப் படியும். தீ எரிந்தாலும் எரியவில்லை என்று இயந்திரம் நினைத்து அணைத்துவிடும். மழைக்கோட்டுக்கு அடிக்கும் நீர்புகா ஸ்பிரேயிலும் இதே ஆபத்து. இதற்கான பழுதுபார்ப்புக்கும் உத்தரவாதக் காலத்திலேயே காசு கேட்பார்கள். தலை அலங்காரத்தைக் குளியலறைக்கு மாற்றிவிட்டால் சிக்கல் இல்லை. பின்பக்கத்துக் காற்று வலையில் சேரும் தூசியை வாரம் ஒருமுறை உறிஞ்சிவிடுங்கள், அதுவும் அணைவதற்கு ஒரு காரணம்.

எண்ணெய் வாங்கும் இடம் பெட்ரோல் பங்க். ஜப்பானிய மொழியில் டோயு என்று கேட்க வேண்டும். சுயசேவை பங்க்குகளில் மண்ணெண்ணெய்க் குழாய் பெட்ரோல் வரிசையிலிருந்து தள்ளித் தனியாக இருக்கும், பிடி நீலம். சிவப்பு சாதாரணப் பெட்ரோல், மஞ்சள் உயர்ரகப் பெட்ரோல், பச்சை டீசல். இந்த நான்கு நிறங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய் 40 டிகிரிக்கு மேல்தான் தீப்பிடிக்கும் ஆவி விடும், பெட்ரோலோ உறைபனியிலும் விடும். தவறிக் கலந்தால் ஹீட்டரில் தீ கட்டுக்கடங்காமல் எரியக்கூடும். கேன் கிழக்கு ஜப்பானில் சிவப்பு, மேற்கே நீலம். அது வழக்கம்தான், இரண்டுமே ஒன்று. நிறைந்த கேன் பதினைந்து கிலோ வரும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரர்கள் 10 லிட்டர் கேன் இரண்டு வாங்குவது நல்லது. காரில் ஏற்றுமுன் மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒரு வளைவில் சிந்தும் அரை டம்ளரால் கார் வாரக்கணக்கில் நாறும். பல ஊர்களில் பாட்டு ஒலித்தபடி வாரம் ஒருமுறை மண்ணெண்ணெய் லாரி தெருவுக்கே வரும். விலை கொஞ்சம் கூட, ஆனால் கார் இல்லாதவருக்கு அதுவே கதி.

ஊற்றும்போது ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். தொட்டியைக் கழற்றி கென்கானுக்கு, அதாவது செருப்பு கழற்றும் வாசல் பகுதிக்கு, எடுத்துப்போய்ச் செய்தித்தாள் விரித்து ஊற்றுங்கள். நூறு யென் கடையின் கைப்பம்பு வேலை செய்யும், ஆனால் நிறுத்தும் நேரம் தவறினால் வழியும். நிறைந்ததும் தானாக நிற்கும் பேட்டரிப் பம்புக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. மூடியை அழுத்தி "கிளிக்" சத்தம் கேட்டபின், தொட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். இந்தப் பத்து நொடியை யாரும் விடக்கூடாது. மூடி சரியாகப் பூட்டாத தொட்டியிலிருந்து கொட்டிய எண்ணெய் சூடான பாகத்தில் பட்டுத்தான் வீடுகள் எரிந்திருக்கின்றன.

பொத்தான்கள் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான். பெரியது உண்டென், இயக்கவும் அணைக்கவும். என்ச்சோ என்பது நீட்டிப்பு: மூன்று மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும், அதற்குமுன் இதை அழுத்தினால் மறுபடி மூன்று மணி. கான்கி விளக்கு மின்னினால் காற்று கெட்டுவிட்டது, ஜன்னலைத் திறக்க வேண்டும். புகை அறைக்குள்ளேயே விடும் இயந்திரம் இது. விளக்குக்குக் காத்திராமல் மணிக்கு ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் திறங்கள். எரியவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை. முன்னால் ஒரு மீட்டர் வெறுமையாக இருக்கட்டும். மேலே துணி காயப்போடுவதும், முன்னால் ஸ்பிரே டப்பா வைப்பதும் வேண்டாம். அணைத்தபின் சில நிமிடம் விசிறி ஓடி உள்ளே குளிரும். அது நிற்குமுன் பிளக்கைப் பிடுங்காதீர்கள். நிலநடுக்கத்தில் தானாக அணையும், காலால் இடித்தாலும் அப்படித்தான், மறுபடி போட்டுக்கொள்ளலாம். மின்சாரம் போனால் இது வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எனக்கு உள்ள ஒரே உண்மையான குறை ஈரம். ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். தொண்டை வறளாது, அது நல்லது. ஆனால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் அத்தனையும் வழிந்து, திரைச்சீலையின் அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சை பிடிக்கும். காலையில் ரப்பர் துடைப்பானால் கண்ணாடியை வழித்துவிடுவது தினசரி வேலையாகிவிடும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. குத்தகைப் பத்திரத்தில் மண்ணெண்ணெய்க் கருவிக்குத் தடை இருக்கும் அபார்ட்மென்ட்கள் நிறைய, கையெழுத்திடுமுன் கேளுங்கள். ஹொக்கைடோ வீடுகளில் புகையை வெளியே தள்ளும் பெரிய ஸ்டவ்வும் வாசலில் 490 லிட்டர் தொட்டியும் ஏற்கனவே இருக்கும். பழையதாக வாங்கினால் பிஎஸ்சி என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2011 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் விற்கக்கூடாது.

பருவம் முடியும் மார்ச் கடைசியில் புது எண்ணெய் வாங்காமல் இருப்பதை எரித்தே தீருங்கள். மிச்சத்தைப் பம்பால் வடித்து, வடிகட்டியைத் துடைத்து, எரிந்து அணையும்வரை ஓட விட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். கேனில் மீந்ததைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. வாங்கிய பங்க்கில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறவர்கள் இதையெல்லாம் செய்துவிட்டு, "தொட்டி காலி, வடிகட்டி சுத்தம், இந்த மாதம் செய்தது" என்று ஒரு சீட்டு எழுதி ஹீட்டரின் மேல் ஒட்டிவிட்டுப் போங்கள். ஆகஸ்ட்டில் வருபவர் நவம்பரில் அதைப் படிப்பார்.