சீனத்திலிருந்து நேரடி கார்பன் பிரேமா, பெரிய பிராண்டா, பழைய பிராண்ட் பிரேமா? பாட்டம் பிராக்கெட்டில் இருக்கிறது பதில்

கார்பன் ரோடு சைக்கிளோ கிராவல் சைக்கிளோ கட்ட நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. பெரிய பிராண்டின் புதுப் பிரேம் வாங்கலாம். அதே பிராண்டின் நாலைந்து வருடப் பழைய பிரேமைத் தேடிப் பிடிக்கலாம். அல்லது சீனத் தயாரிப்பாளருக்கே எழுதி, பெயர் ஒட்டாத பிரேமை வரவழைக்கலாம். நான் கட்டி ஓட்டுவது மூன்றாவது வகை, அதனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிபந்தனை ஒன்றுதான்: பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கைகளைத் தாங்கும் கிராங்கின் தண்டு பிரேமுக்குள் சுழலும் இடம், மரை போட்டதாக இருக்க வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகை என்றால் என் தீர்ப்பு அப்படியே மாறிவிடும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். டி700, டி800, டி1000 என்று விளம்பரத்தில் வருபவை ஜப்பானின் டோரே நிறுவனத்தின் கார்பன் நார் வகைகள். டி700 நாரின் இழுவிசை வலிமை 4900 மெகாபாஸ்கல், டி800க்கு 5880. நாரின் விறைப்பு முறையே 230, 294 கிகாபாஸ்கல். எண்கள் உண்மைதான். ஆனால் எந்த அடுக்கு எந்தக் கோணத்தில் எங்கே போடப்பட்டது என்பதுதான் பிரேமின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பெயின்டுக்குக் கீழே என்ன நார் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அதைவிட சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை கேளுங்கள். அதில் இருக்கும் மாடல் எண்ணும் நீங்கள் வாங்கும் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறொரு பிரேமின் அறிக்கையை அனுப்பிவைப்பதும் நடக்கிறது.

ஓட்டும்போது தெரியும் வித்தியாசம்? 25 மி.மீ. டயரிலிருந்து 32 மி.மீ. டயருக்கு மாறினால் கிடைக்கும் சுகத்துக்கு முன்னால், பிரேமுக்குப் பிரேம் இருக்கும் வித்தியாசம் சிறியது. சைஸ் சரியாக அமைவதுதான் முக்கியம். 54 என்று எழுதியிருப்பதை நம்பி ஆர்டர் போடாமல், இப்போது ஓட்டும் சைக்கிளின் ஸ்டாக், ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பிரேமின் முன் குழாய் உச்சிவரை உள்ள உயரம், கிடைத் தூரம்) இரண்டையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

பெரிய பிராண்டின் பலம் உத்தரவாதம். பல பிராண்டுகள் பிரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், பழைய பிரேம் வாங்குபவருக்கு அது வருவதில்லை. சீனத்து பிரேமுக்கு எழுத்தில் இரண்டு வருடம் என்று இருக்கும். உடைந்ததைத் திருப்பி அனுப்பும் கப்பல் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி வரும்போது அந்த இரண்டு வருடம் சுருங்கிவிடும். மறுவிற்பனையும் அப்படித்தான். பெயரில்லாத பிரேமுக்குக் கை மாறும்போது ஏறக்குறைய மதிப்பே இல்லை. கிராங்க், கியர், சக்கரங்களைக் கழற்றித் தனியாக விற்றால் அவற்றுக்கான விலை வரும், பிரேம் உங்களிடமே தங்கும். வாங்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துவிட்டால் பிறகு வருத்தமில்லை. (பெரிய பிராண்டின் பெயரை ஒட்டி மலிவாக வரும் போலிகள் இந்த ஒப்பீட்டிலேயே இல்லை. பெயரைத் திருடுபவர் சோதனையை ஒழுங்காகச் செய்திருப்பார் என்று நம்ப எனக்கு மனமில்லை.)

இனி விஷயத்துக்கு வருவோம்.

அழுத்திப் பொருத்தும் வகைகளில் ஒன்றான பிபி86 என்பது 86.5 மி.மீ. அகலமும் 41 மி.மீ. விட்டமும் உள்ள துளை. அதில் பேரிங் வைத்த நைலான் கப்பை இரு பக்கமும் அழுத்திப் பொருத்துவார்கள். பிஎஃப்30, பிபி386 என்றால் விட்டம் 46 மி.மீ. எந்த அளவானாலும் இந்த முறை வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு: துளை சரியான விட்டத்தில் இருக்க வேண்டும், வட்டமாக இருக்க வேண்டும், இடது வலது துளைகள் ஒரே அச்சில் இருக்க வேண்டும். மிமீயில் நூற்றில் சில பங்கு கணக்கு இது. கார்பனை மோல்டில் வேகவைத்து எடுத்த பிறகு, ஒரு பக்கத்தைக் கடைந்து, பிரேமைத் திருப்பிப் பிடித்து மறு பக்கத்தைக் கடைந்தால் அச்சு விலகுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

துளை தளர்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் கப் கண்ணுக்குத் தெரியாமல் அசையும். நைலானும் கார்பனும் உரசி, ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது கிரீச் கிரீச் என்று கேட்கும். துளை முட்டை வடிவில் இருந்தால் கப்போடு சேர்ந்து பேரிங்கின் வெளி வளையமும் நசுங்கும். கிராங்கைக் கையால் சுற்றினால் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் பிடிக்கும். அச்சு விலகியிருந்தால் சத்தமே வராமல் போகலாம், ஆனால் பேரிங் சீக்கிரம் சாகும். புதுசு மாட்டுவீர்கள், அதுவும் போகும். பேரிங் மட்டம் என்று திட்டி அடுத்த கம்பெனிக்கு மாறுவீர்கள். குற்றவாளி பேரிங் அல்ல.

தளர்வுக்கும் அச்சு விலகலுக்கும் மருந்து உண்டு. தளர்வுக்கு ரீட்டெயினிங் காம்பவுண்ட் எனப்படும் பிடிப்புப் பசை, லாக்டைட் 609 போன்றது. அச்சு விலகலுக்கு இரண்டு கப்பும் உள்ளே ஒன்றோடு ஒன்று மரையில் பூட்டிக்கொள்ளும் பாட்டம் பிராக்கெட். துளைகளின் அச்சு சற்று விலகியிருந்தாலும் இரண்டு பேரிங்கையும் ஒரே குழாயின் இரு முனையாக அது மாற்றிவிடும். நல்ல தீர்வுதான். ஆனால் புதுப் பிரேமுக்கு முதல் நாளே மருத்துவம் பார்ப்பதாக ஆகிறது.

பிஎஸ்ஏ எனப்படும் மரை வகையில் இந்தச் சிக்கல் வேரிலேயே இல்லை. அலுமினியக் குழாய் ஒன்றை லேத்தில் கடைந்து மரை போட்டு, அதைக் கார்பனுக்குள் ஒட்டுகிறார்கள். இரு பக்க மரையும் ஒரே உலோகத் துண்டில் இருப்பதால் அச்சு கார்பனின் துல்லியத்தை நம்பி இல்லை. அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, அகலம் 68 மி.மீ. செயின் பக்கம் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகுவது), மறு பக்கம் சாதாரண மரை. கிரீஸ் தடவிக் கையாலேயே நாலைந்து சுற்று போக வேண்டும். போகவில்லை என்றால் உள்ளே பெயின்ட் துளி இருக்கிறது என்று அர்த்தம். ரெஞ்ச் போட்டு வலிந்து திருகாமல், பிஎஸ்ஏ டாப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். இறுதி முறுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். கழற்ற ஒரு ஸ்பானர் போதும். சுத்தியல் எடுத்துக் கப்பைப் பின்னாலிருந்து அடித்து வெளியேற்றும் வேலை கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து மாட்டும் ஆள் என்றால் இந்த வித்தியாசம் ஒவ்வொரு வருடமும் தெரியும்.

டி47 என்பது 2015இல் வந்த பெரிய விட்ட மரை, 47 மி.மீ. அதுவும் நல்லதே. 30 மி.மீ. தண்டுள்ள கிராங்க் உங்களிடம் இருந்தால் பிஎஸ்ஏயைவிட அதுவே மேல், ஏனென்றால் பிஎஸ்ஏ கப்புக்குள் 30 மி.மீ. தண்டைத் திணித்தால் பேரிங் மெலிந்துபோகும். ஆனால் டி47இல் 68, 86.5 என்று அகலமும், கப் உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். ஷிமானோவின் 24 மி.மீ., ஸ்ராமின் 29 மி.மீ. தண்டுகளுக்குப் பிஎஸ்ஏ தாராளமாகப் போதும்.

மரை வகைக்கும் பலவீனம் உண்டு: ஒட்டு. அந்த அலுமினியக் குழாய் கார்பனிலிருந்து விட்டுப்போனால் வீட்டில் சரிசெய்ய முடியாது. கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டு, இடையில் உப்பு நீரும் வியர்வையும் போனால் அலுமினியம் அரிக்கும். இடையில் கண்ணாடி நார் அடுக்கு வைப்பது அதற்காகத்தான். கண்காணிக்க எளிய வழி இருக்கிறது. கப்பை மாட்டுவதற்கு முன், அலுமினிய விளிம்பிலிருந்து கார்பன் விளிம்புவரை மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் கழித்துக் கப்பைக் கழற்றிப் பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் குழாய் சுற்றியிருக்கிறது. பத்து வருடம் கழித்து இந்த ஒட்டு எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

பாட்டம் பிராக்கெட் விஷயத்தில்தான் பழைய பிராண்ட் பிரேம் அடிவாங்குகிறது. மலிவாகக் கைக்கு வரும் பிரேம்களில் பல, அழுத்து வகை கொடிகட்டிப் பறந்த காலத்தவை. கேனன்டேல் தன் பிபி30 என்ற அழுத்து வகையை 2006இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு ஆளுக்கொரு அளவு வந்தது. பிறகு பெரியவர்களே திரும்பி வந்தார்கள்: ஸ்பெஷலைஸ்டு 2020இல் டார்மாக் எஸ்எல்7ஐப் பிஎஸ்ஏ மரையோடுதான் கொண்டுவந்தது, ட்ரெக் டி47க்கு மாறியது. ஆகவே பழையது வாங்கினால் அழுத்து வகையும் வரும், உத்தரவாதமும் வராது, முன்னவர் எங்கே விழுந்தார் என்பதும் தெரியாது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பது ஓரளவு உதவும்: நல்ல இடம் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்றும் கேட்கும். ஆனால் குழாயின் தடிமன் மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால் காது ஏமாறும்.

பராமரிப்பில் அடுத்து உறுத்துவது ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்குகள். பிரேக் ஹோஸ் (பிரேக் திரவக் குழாய்) எல்லாம் ஹெட்செட் வழியே உள்ளே போகும் வடிவம் பார்க்க அழகு. மேல் பேரிங் துருப்பிடித்தால், அதை மாற்ற ஹோஸைக் கழற்றி, முனையை வெட்டி, புது ஆலிவ் (முனையை இறுக்கும் வளையம்) போட்டு, பிரேக்கை ப்ளீட் செய்ய (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். ஹோஸ் டவுன்டியூபில் (பிரேமின் கீழ்ச் சாய்வுக் குழாயில்) நுழையும் பிரேமில் இதே வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. இது மூன்று வழிக்கும் பொதுவான தலைவலி. ஆனால் நேரடி ஆர்டரில் இரண்டு வடிவமும் கிடைப்பதால் தப்பிக்க வழி இருக்கிறது. பெரிய பிராண்டின் இப்போதைய ரேஸ் பிரேம்களில் தேர்வு குறைவு. எதுவானாலும் பேரிங்கின் பக்கத்தில் பொறித்த அளவையும் 45/45, 36/45 என்ற கோணத்தையும் குறித்து வையுங்கள்.

கட்டும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. பின் பிரேக்கைப் பிரேமோடு பூட்டும் ஃபிளாட் மவுன்ட் போல்ட் சரியான நீளத்தில் பெட்டியில் வருவதில்லை. செயின்ஸ்டேயின் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயின்) தடிமனை அளந்து அதோடு 13 மி.மீ. கூட்டுங்கள்: 25 மி.மீ. தடிமன் என்றால் 38 மி.மீ. போல்ட். கார்பன் ஸ்டீயரரில் (ஃபோர்க்கின் மேல் குழாயில்) ஸ்டார் நட் அடிக்கக் கூடாது, விரியும் பிளக்தான். பிளக்கின் விரியும் பகுதி ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் உயரத்தில் உட்கார வேண்டும். ஸ்டீயரரை மேல் ஸ்பேசரைவிட 3 மி.மீ. தாழ்வாக, அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடால், ஈரப்படுத்தி, முகக்கவசம் போட்டு வெட்டுங்கள். பின்சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, கேசட்டையும் டிஸ்க்கையும் கழற்றிய சக்கரத்தை ஒரு முறை நேராகவும் ஒரு முறை திருப்பியும் மாட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிரேம் கோணல். சாய்வு பக்கம் மாறினால் சக்கரம் கோணல். இதையெல்லாம் ஒரு பாகமும் பூட்டாமல், பெட்டி வந்த அன்றே செய்துவிடுங்கள். கட்டி முடித்த பிரேமுக்குப் புகார் எடுபடாது.

கியர் ஹேங்கருக்கு மட்டும் ஒரு வரி: யூடிஹெச் எனும் பொது அளவு ஹேங்கரை ஏற்கும் பிரேம் கிடைத்தால் எங்கேயும் உதிரி வாங்கலாம், இல்லையென்றால் பிரேமோடு சேர்த்தே இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

டார்க் ரெஞ்ச் பிடித்துப் பழக்கமில்லை, கோளாறு வந்தால் கடையில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பவருக்குப் பெரிய பிராண்டின் முழு சைக்கிளே சரி. ஃபுல் சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள் பிரேமுக்கும் மேலே சொன்ன தீர்ப்பை நான் நீட்ட மாட்டேன். அதில் பிவட், ஷாக் என்று வேறு கணக்குகள் இருக்கின்றன.

மற்றவர்கள் பணம் அனுப்பும் முன் விற்பவருக்கு எழுத வேண்டியவை: பாட்டம் பிராக்கெட் வகையும் அகலமும், ஹேங்கரின் மாடல், த்ரூ ஆக்சிலின் (சக்கரத்தைப் பிடிக்கும் திருகுத் தண்டின்) நீளமும் மரை இடைவெளியும் (1.0, 1.5, 1.75 என மூன்று விதம் உண்டு), ஹெட்செட் பேரிங் அளவு, பின்னால் போகும் அதிகபட்ச டயர். பில்லில் உண்மையான விலையும் 8714.91 என்ற சுங்க எண்ணும் இருக்கட்டும் என்றும் சொல்லுங்கள். பதிலாக அளவு குறித்த வரைபடம் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "எல்லாம் பொருந்தும் நண்பரே" என்று மட்டும் வந்தால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.