கட்டுச்சோறு கட்டித் தரும் சிஸ்டம்டேப்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு எங்கள் டீம் பையன் போன் அடித்தான். "அண்ணே, ஸ்டேப் ஓட மாட்டேங்குது. டிபக்இன்ஃபோ இல்லைங்குது. ஜிசிசியும் இல்லண்ணே." ஸ்டேப் என்பது சிஸ்டம்டேப் கருவியின் கட்டளை; டிபக்இன்ஃபோ, நிரலில் எந்தப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் தகவல்; ஜிசிசி, கம்பைலர். ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் சர்வர் அது. ஒரு ஃபைலில் ஏதோ ஒரு ப்ராசஸ் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறது, எது என்று தெரியவில்லை. அந்த மெஷினில் கம்பைலர் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய பாதுகாப்பு விதி. நல்ல விதிதான். அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க சிஸ்டம்டேப்பைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். இலவசம், ஜிபிஎல் என்ற திறமூல உரிமம். ரெட் ஹேட், ஐபிஎம், இன்டெல், ஹிட்டாச்சி ஆட்கள் சேர்ந்து 2005 வாக்கில் தொடங்கியது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஸ்கிரிப்ட் மொழியைத்தான் பேசுகிறார்கள். ஸ்கிரிப்டிலிருந்து கம்பைல் ஆன மாட்யூலை (கர்னலில் ஏற்றும் துண்டு நிரலை)ச் சேமித்து வைத்து மறுபடி ஓட்டும் வசதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் அதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

'ஸ்டேப்' கட்டளை ஐந்து கட்டமாக வேலை செய்கிறது. ஸ்கிரிப்டைப் படிக்கும், டிபக்இன்ஃபோவைப் பார்த்துப் பெயர்களுக்கு முகவரி தேடும், சி மொழிக்கு மாற்றும், கம்பைல் செய்து கர்னல் மாட்யூல் ஆக்கும், கடைசியில் அதை ஏற்றி ஓட்டும். நேரத்தைத் தின்பது நான்காவது கட்டம். அதனால்தான் மூன்றிலும் நான்கிலும் கிடைத்ததை ஹோம் டைரக்டரியில் '.சிஸ்டம்டேப்/கேஷ்' என்ற இடத்தில் தானாகவே எடுத்து வைத்துக்கொள்கிறது. அதே ஸ்கிரிப்டை இரண்டாம் முறை '-வி' போட்டு ஓட்டிப் பாருங்கள், அந்த இரண்டு கட்டத்துக்கும் 'கேஷில் இருந்ததை எடுத்தேன்' என்று சொல்லிவிடும். என் டெஸ்ட் மெஷினில் முதல் ஓட்டத்துக்கு டீத்தூள் போட்டுத் தண்ணீர் கொதிக்கிற நேரம் ஆகும். அடுத்த ஓட்டம் என்டர் தட்டியதும் வந்துவிடும்.

ஸ்கிரிப்ட், கர்னல் பதிப்பு, கட்டமைப்பு, கம்பைலர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹேஷ் (அடையாளக் குறி) போட்டு, அது பொருந்தினால்தான் பழையதை எடுக்கும். இதில் ஒரு வினை இருக்கிறது. ஸ்கிரிப்டில் '$1' என்று எழுதி, கட்டளை வரியில் எண் கொடுக்கிறோம் அல்லவா, அந்த எண் கம்பைல் ஆகும்போதே உள்ளே பொதிந்துவிடும். பிஐடி (ப்ராசஸ் எண்) 4120க்கு ஒரு மாட்யூல், 4121க்கு வேறொரு மாட்யூல். 'கேஷ் வேலையே செய்யவில்லை' என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள். நானும் மாட்டினேன், அதுவும் அதே ராத்திரியில்.

எங்கள் பில்டு மெஷினில் '-பி4' போட்டு நான்காவது கட்டத்தோடு நிறுத்தச் சொன்னேன். '-ஆர்' போட்டு அந்த சர்வரின் கர்னல் பதிப்பைக் கொடுத்தேன், '-எம்' போட்டு மாட்யூலுக்குப் பெயர் வைத்தேன். சிஸ்டம்டேப்போடு வருகிற 'ஐநோடுவாட்ச்' ஸ்கிரிப்ட்தான். டிஸ்க்கின் சாதன எண் இரண்டும், ஃபைலின் அடையாளமான ஐநோடு எண்ணும் வாங்கிக்கொண்டு, அந்த ஃபைலை யார் படிக்கிறார், யார் எழுதுகிறார் என்று சொல்லும். கையில் கிடைத்தது ஒரே ஒரு '.கேஓ' ஃபைல். வீட்டில் சமைத்துக் கட்டிய கட்டுச்சோறு மாதிரி. போகிற இடத்தில் அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம். அங்கே தேவைப்பட்டது 'சிஸ்டம்டேப்-ரன்டைம்' என்ற ஒரே பேக்கேஜ். பையன் 'ஸ்டேப்ரன்' என்று அடித்தான், ஓடியது.

ஓடியது, ஆனால் பத்து நிமிடம் ஒரு வரியும் வரவில்லை. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று படுக்கப் போய்விட்டேன். உண்மையில் இடையில், பழைய ஃபைலை ஒதுக்கிவிட்டுப் புதிது தொடங்கும் லாக்ரொடேட் ஓடியிருக்கிறது. அதே பெயரில் புது ஃபைல், ஐநோடு எண் வேறு. என் மாட்யூல் பழைய எண்ணைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

விடிந்ததும் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். ஐநோடு எண்ணுக்கான '$3' இருந்த இடத்தில் ஒரு குளோபல் மாறி. இப்போது மாட்யூல் ஒன்றுதான்; 'ஸ்டேப்ரன்' அடிக்கும்போது மாட்யூல் பெயருக்குப் பின்னால் 'ஐநோடு=இவ்வளவு' என்று கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். 'ஸ்டேப்' வழியாக ஓட்டினால் அதே வேலைக்கு '-ஜி' இருக்கிறது. ப்ராசஸ் எண் மட்டும் மாறுமென்றால் ஸ்கிரிப்டில் 'டார்கெட்' ஃபங்ஷனை வைத்துவிட்டு '-எக்ஸ்' கொடுத்தாலே போதும். இவ்வளவு உபயோகமான விஷயம் மேன் பேஜில் (கட்டளைக் கையேட்டில்) ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. குற்றவாளி யார் என்றால், யாரோ க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஏற்பாட்டில்) போட்டுவிட்டு மறந்துபோன பேக்கப் ஸ்கிரிப்ட்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, அனுமதி முறை. 'ஸ்டேப்யூஎஸ்ஆர்' குழுவில் மட்டும் இருக்கிறவர், அந்தக் கர்னலின் மாட்யூல் டைரக்டரிக்குள் 'சிஸ்டம்டேப்' என்று இருக்கும் இடத்தில் ரூட் (நிர்வாகி) வைத்த மாட்யூல்களையோ, நம்பகமான சர்வர் கையெழுத்துப் போட்ட மாட்யூல்களையோ மட்டுமே ஓட்டலாம். தானாக ஒன்றை எழுதிக் கர்னலுக்குள் நுழைக்க முடியாது. நான் பார்த்து ஒப்புக்கொண்ட ஆறு மாட்யூலை அங்கே போட்டுவிட்டு, பையன்களை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டேன். ரூட் பாஸ்வேர்டு கேட்டு வருகிற போன் நின்றது.

குறை சொல்லாமல் விட முடியாது. கட்டுச்சோறு ஒரு ஊருக்கு மட்டும்தான். 3.10.0-1160 கர்னலுக்குக் கட்டியது 3.10.0-1160.119.1இல் ஏறாது; இரண்டு எண்ணையும் காட்டிப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். தப்பான முகவரியில் கை வைத்துக் கர்னலைக் கவிழ்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் மாதாமாதம் பேட்ச் போடுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் பில்டு மெஷினில் புது டிபக்இன்ஃபோவை இறக்க வேண்டும், அது ஜிபி கணக்கில் டிஸ்கை விழுங்கும். செக்யூர் பூட் (கையெழுத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு முறை) இருந்தால் கையெழுத்துப் போடாத மாட்யூலை வாசலிலேயே நிறுத்திவிடும், அது தனித் தலைவலி. கேஷும் பயனருக்குப் பயனர் தனி. நேற்று ரூட்டாக ஓட்டியது இன்று என் பெயரில் ஓட்டும்போது கிடைக்காது. இடத்தை அடைத்தால் கேஷ் டைரக்டரியில் 'கேஷ்_எம்பி_லிமிட்' என்ற ஃபைலில் வரம்பை எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் '--பாய்சன்-கேஷ்'. பழையதை எடுக்காமல் புதிதாகக் கட்டும். எந்த மகராசன் வைத்த பெயரோ!

புதுக் கர்னல் உள்ள மெஷின்களில் நானே இதே வேலையைச் செய்யும் பிபிஎஃப்டிரேஸ் என்ற கருவியின் பக்கம் போய்விட்டேன். ஒரு வரி அடித்தால் நொடியில் ஓடுகிறது, சேமித்து வைக்கிற பேச்சே இல்லை. ஆனால் அது 4.9க்குக் கீழே உள்ள கர்னலுக்கு ஆகாது. 3.10 கர்னலில் ஓடும் ரெட் ஹேட் லினக்ஸ் 7க்கு வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், சர்வர்கள் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காக இன்னும் பில்டு மெஷினில் கர்னல் பதிப்புக்கு ஒரு டைரக்டரி வைத்திருக்கிறேன், உள்ளே அதே ஆறு '.கேஓ'. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். டிபக்இன்ஃபோ கொஞ்சம் இளைத்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.