பெங்களூருக்குக் கூட்டிப்போவதா, பாட்டியிடம் விட்டுப்போவதா?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஏரியூர் பக்கம் மழை பொய்த்தால் பெங்களூரு கட்டட வேலைக்குக் குடும்பங்கள் கிளம்பும். பிள்ளையை என்ன செய்வது?

கூட்டிப்போனால் அம்மா பக்கத்தில் இருப்பாள். அது சின்ன விஷயமில்லை. ஐந்து வயதுக்குள் என்றால் நானும் கூட்டிப்போகவே சொல்வேன். பள்ளி வயது வந்துவிட்டால் கதை வேறு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகிலுள்ள அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அங்கே கரும்பலகையில் இருப்பது கன்னடம். பழகுவதற்குள் அடுத்த சைட்டுக்கு மாறவேண்டிவரும். கடைசியில் மூத்த பெண் தகரக் கொட்டகையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடிப்பாள். 'வீட்டுக்கு ஒத்தாசை' என்று முன்பெல்லாம் மெச்சினோம். அவள் படிப்பைப் பறிப்பதாகத்தான் எனக்கு இப்போது படுகிறது.

விட்டுப்போனால் தமிழில் படிப்பு தொடரும். அரசுப் பள்ளியில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவு, மதியம் சத்துணவு. ஏக்கம் இருக்கும்தான். பாட்டிக்கு முடியாமல் போனால் பெண்பிள்ளைக்கு அவசரமாகக் கல்யாணம் பேசுவார்கள். அப்போது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பெண்பிள்ளைகளுக்கான கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியையும் விசாரியுங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளை என்றால் என் ஓட்டு விட்டுப்போவதற்கே. ஆனால் பிள்ளையிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.