மார்பக இம்ப்ளான்ட்: ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம், அப்புறம் பத்து வருஷம்

மார்பைப் பெரிதாக்க உள்ளே சிலிகோன் பை (இம்ப்ளான்ட்) வைத்துக்கொள்ளப் போகிறவர்களின் முதல் கன்சல்டேஷனில் பேச்சு முழுக்க ‘எத்தனை சிசி’ என்பதிலேயே போய்விடுகிறது. பல வருஷம் வைத்திருப்பவர்களுக்குப் பின்னாளில் உறுத்துவது பெரும்பாலும் வேறு விஷயங்கள்.

சைஸை முதலில் முடிப்போம். 1 சிசி என்பது 1 மில்லி. மெல்லிய பிளாஸ்டிக் பையில் 250 அல்லது 300 மில்லி அரிசி அளந்து போட்டு, ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்து ஒரு நாள் வீட்டு வேலை பாருங்கள். தோராயம்தான், ஆனாலும் சாயங்காலம் தோள்பட்டை பதில் சொல்லிவிடும்: 300 சிசி ஜோடி சுமார் 600 கிராம். எண்ணைவிட முக்கியம் மார்பின் அகலம். அதைத் தாண்டிய இம்ப்ளான்ட் அக்குள் பக்கம் துருத்தும். ஒல்லியான உடம்பில் ஓரங்கள் அலையலையாகத் தெரியும் என்பதால் தசைக்கு அடியில் வைப்பார்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. குடம் தூக்கும்போது, கடை ஷட்டரை இழுக்கும்போது தசை இறுகி, இம்ப்ளான்ட் நகர்வது வெளியே தெரியும்.

கீறல் மார்புக்கு அடி மடிப்பில் நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும். காம்பைச் சுற்றிய கீறலில் பால் நாளங்கள் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். இனிமேல் குழந்தை பெற நினைப்பவர்கள் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். கையில் போட்ட தடுப்பூசித் தழும்பு மேடாகத் தடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தத் தழும்பும் அப்படித் தடிக்கலாம்.

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு, மறுநாளே ஈசிஆரில் திரும்புவது நல்ல யோசனை அல்ல. உள்ளே ரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில்தான். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலி கூடினால் காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, உடனே திறந்து வடிக்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரெண்டு மூன்று நாள் தங்குவதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கத்திரி வெயிலில் தேதி வாங்காதீர்கள். சுமார் ஆறு வாரம் சப்போர்ட் பிரா போட வேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் மடிப்புக்குள் வியர்வை தேங்கி, காயம் ஊறி, வேர்க்குரு கிளம்பும். தழும்புக்கு ஒட்டும் சிலிகோன் பட்டையும் நழுவிக்கொண்டே இருக்கும். மார்கழி, தை தோது. அந்த ஆறு வாரமும் கனம் தூக்குவது, கடல் குளியல், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் கிடையாது.

நாள் பட்ட தொல்லைகளில் முதலிடம் இறுக்கத்துக்கு. இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டுவது இயல்பு. தோல் கிருமியோ தேங்கிய ரத்தமோ காரணமாக அந்த உறை தடித்துச் சுருங்கினால் மார்பு கல்லாகும், வடிவம் கோணும், கடைசியான நாலாவது நிலையில் வலிக்கும். அந்த அளவுக்குப் போனதை மசாஜ் சரிசெய்யாது, மறு ஆபரேஷன்தான்.

சிலிகோன் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட் கிழிந்தால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. அதனால் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஐந்தாறு வருஷத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தனிக் கோணங்களில் கூடுதல் படம் எடுப்பார்கள்.

சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்களோடு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் அரிதான ஒரு வகை தொடர்புபடுத்தப்பட்டு, 2019-ல் அலர்கன் கம்பெனி தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வழவழப்பானதா என்று கேட்டு வாங்குங்கள். பல வருஷம் கழித்து ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கினால், அந்த நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அழகுக்காகச் செய்வதால் இன்ஷூரன்ஸ் வராது, 18% ஜிஎஸ்டி வேறு. ஆயுளுக்கும் ஒரே ஜோடி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். மாற்றும் செலவும் உங்களுடையதே. சர்ஜனிடம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் இருக்கிறதா, மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் வருகிறாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லைவிட முக்கியமாக வாங்க வேண்டியது இம்ப்ளான்ட் கார்டு. கம்பெனி, வகை, சிசி, சீரியல் நம்பர் இடது வலது தனித்தனியாக இருக்க வேண்டும். போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கார்டில் ஒட்டிய ஸ்டிக்கரின் மை நாளடைவில் மங்கிவிடலாம்.